பரிகாரம் நின்ற இடம்

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1988ஆம் ஆண்டு ஞாயிறு பின்னிரவு நிகழ்ச்சியாகத் தொடங்கி, இரண்டாம் பருவத்தில் ‘நைட் மியூசிக்’ எனப் பெயர் மாறி, 1990இல் முடிந்துபோன இசைநிகழ்ச்சி, வெவ்வேறு மரபுகளில் ஊறிய கலைஞர்களை ஒரே அரங்குக்கு அழைத்துச் சேர்ந்து இசைக்கவும் வைத்தது. 1989இல் அதில் லெனார்ட் கோஹன் தமது ‘ஹூ பை ஃபயர்’ பாடலைப் பாட, ஜாஸ் மேதை சானி ரோலின்ஸ் டெனர் சாக்ஸபோன் வாசித்த நிகழ்வு, சமயச் சிந்தனையின் பழைய கேள்வி ஒன்றை மீண்டும் எழுப்புகிறது: வழிபாட்டின் சொற்கள் தமக்குரிய நாளையும் இடத்தையும் விட்டு வெளியேறிய பின்னரும் வழிபாடாக இருக்க முடியுமா?

1974இல் வெளிவந்த அப்பாடலின் மூலம், யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவிலும் பாவ நிவர்த்தி நாளான யோம் கிப்பூரிலும் ஓதப்படும் ‘உனெத்தானே தோக்கெஃப்’ என்னும் எபிரேய வேண்டுதலாகும். வரும் ஆண்டில் யார் வாழ்வார், யார் மாள்வார், நெருப்பால் யார், நீரால் யார் என்பதை இறைவன் புத்தாண்டில் எழுதி யோம் கிப்பூரில் முத்திரையிடுகிறான் என்று கூறும் அது, மனந்திரும்புதல், பிரார்த்தனை, அறக்கொடை ஆகிய மூன்றும் தீர்ப்பின் கடுமையைத் தணிக்கும் என்ற அறிவிப்பால் கேட்போரைத் தேற்றுகிறது.

சமய விதிப்படி நோக்கினால் தொலைக்காட்சி அரங்கில் எதுவும் பொருந்தவில்லை. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் கொண்ட ‘மின்யான்’ என்னும் குழு வேண்டும். வைதிக யூதர்கள் அப்புனித நாள்களில் இசைக்கருவிகளைத் தொடுவதில்லை. நள்ளிரவில் திரையின் முன் தனித்திருப்பவருக்கோ சபையே கிடையாது. எஞ்சுவது ‘கவ்வானா’ ஒன்றே. சொல்லும் சொல்லில் மனத்தை முழுவதும் நிறுத்துதல் என்று அதற்குப் பொருள். 1960களின் பிற்பகுதியில் மும்பையை அடுத்த பவாய் ஆசிரமத்தில் தங்கி வேதாந்தம் பயின்று, சாக்ஸபோன் வாசிப்பையே தியானமாகக் கொண்ட ரோலின்ஸிடம் அது குறைவுபட்டது என்று எவராலும் கூற இயலாது. ஆயினும் மன ஒருமை மட்டுமே வழிபாடு ஆகிவிடாது. வழிபாடு யாரையாவது நோக்கி எழ வேண்டும்.

கோஹனின் துணிவு இங்குதான் வெளிப்படுகிறது. மாண்ட்ரியால் தொழுகைக் கூடத்தில் சிறு வயதிலேயே அவ்வேண்டுதலைக் கேட்டு வளர்ந்த அவர், மரணங்களின் பட்டியலை நீட்டித்து எழுதியபோது ஆறுதலான அந்த மூன்று பரிகாரங்களையும் விட்டுவிட்டு, அழைப்பவர் யார் என்ற வினாவை மட்டுமே அவற்றின் இடத்தில் வைத்தார். பக்தனுக்கு ஐயமின்றித் தெரிந்த முன்னிலை, பாடலில் விடையற்ற வினாவாகிறது. எனவே அதை வழிபாடு என்பது மிகை. வெறும் கேளிக்கை என்பதோ பெரும் அநீதி. சொல்லால் விடையளித்திருந்தால் நம்பிக்கையாகவோ மறுப்பாகவோ குறுகியிருக்கக்கூடிய அவ்வினாவுக்குள் ரோலின்ஸின் சாக்ஸபோன் நுழைகிறது. எவரையும் பெயரிடாமலும் எதையும் வாக்களிக்காமலும் தீர்ப்புக்குள்ளானவரின் குரலாக ஒலிக்கும் அது, மூல வேண்டுதலில் பரிகாரம் நின்ற இடத்தில் மனித மூச்சை நிலைநிறுத்துகிறது.