புவனமும் பணியிட மாற்றமும்

ஊழியத்தின்பொருட்டு ஓர் ஊரினின்றும் மற்றோர் ஊருக்கு மாற்றப்படும் ஒருவன் மனங்கலங்குங்கால், ‘எங்கிருப்பினும் இறைவன் ஒருவனே, வருந்துவது என்னை?’ என்று தேற்றுவார் பலர். இத்தேற்றுரை சித்தாந்தத்திற்கு ஒக்குமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

உயிர்கட்கு வினைக்கீடாக இறைவன் கூட்டுவன தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கு. அவற்றுள் இடமாகிய புவனமும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது. மாயாவாதியர்க்கு உலகம் பொய்த்தோற்றமாகலாம். சித்தாந்திகட்கு மாயையும் அதன் காரியமாகிய உலகும் உள்பொருளே. உயிரோ சார்ந்ததன் வண்ணமாதலை இயல்பாக உடையது. ஆகலின், நெடுநாட் சார்ந்த இல்லமும், அயலாரும், நாடோறும் வழிபட்ட திருக்கோயிலும் ஒருங்கே நீங்குமிடத்து அது தளர்தல் இயல்பேயன்றிக் கோழைமையன்று.

அமெரிக்க அறிஞராகிய ஹோம்ஸ், ராஹே என்னும் இருவர் 1967இல் வாழ்க்கை மாற்றங்கள் 43ஐத் தொகுத்து, வாழ்க்கைத்துணையின் மரணத்திற்கு 100 என்று கொண்டு ஏனையவற்றிற்கும் எண் வகுத்தனர். பணிப்பொறுப்பு மாறுதற்கு 29. துணைவர் வேலையை விடுதற்கோ புதிதாக ஏற்றற்கோ 26. உறைவிடம் மாறுதற்கு 20. சமய வழிபாட்டு வழக்கம் மாறுதற்கு 19. பிறரோடு கூடிப் பழகுதல் மாறுதற்கு 18. தனித்தனியே சிறியவாகிய இவை ஓர் ஆணையால் ஒருங்கு வரின் 112 ஆம். இவ்வெண்கள் பலர் கருத்தின் சராசரியேயன்றி ஒருவன் துயரை நிறுக்குந் துலாக்கோல் அல்ல. எனினும், வழிபாட்டின் மாற்றத்தையும் ஒரு சுமையாக அவர்கள் கண்டமை சைவர்க்கு வியப்புத் தருவதொன்று. மகிழ்ச்சிக்குரிய திருமணத்திற்கும் 50 என வைத்தனர். பதவி உயர்வோடு வரும் மாற்றமும் ஏன் உறக்கங் கெடுக்கின்றது என்பது இதனால் ஒருவாறு விளங்கும்.

திருநாவுக்கரசர் தலந்தோறும் சென்றிலரோ எனின், சென்றார். அன்பு உந்தத் தாமே சென்றார். ஊழியனோ பிறர் ஏவச் செல்பவன். இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் அடியவர்க்கும் பொருந்தாது, ஊழியனுக்கும் பொருந்தாது.

அற்றேல், மாற்றம் அவன் வினைப்பயனே என்று மேலதிகாரி அமையலாமோ? அமைதலாகாது. வினைப்பயனென்று கொண்டு பொறுத்தல் துய்ப்பவனுக்கு உரியது. ஏவுபவன் அச்சொல்லைத் தனக்கு அரணாகக் கொள்ளுதல் முறையன்று, என்னை? ஆராயாது பிறர்க்கு இழைக்கும் இடர் அவனுக்கு ஆகாமியமாய் ஏறுமாகலின். முதியோரைப் பேணும் ஒருவனை, பள்ளியாண்டின் நடுவே, ஒரு சொல்லும் வினவாது பெயர்த்தல் இவ்வகையினது. இருவரும் அரசுப்பணியினராகிய கணவன் மனைவியரை இயன்றவரை ஓரிடத்தே அமர்த்துமாறு இந்திய மத்திய அரசு 1986இலும் 2009இலும் நெறிமுறை வகுத்தது. அந்த ‘இயன்றவரை’ என்பதன் எல்லை எதுவென்று ஒவ்வொரு முறையும் துணிபவன் கையொப்பமிடும் அதிகாரியே.