சொல்லாமையும் பொய்ம்மையும்

உள்ளதை உள்ளவாறு உரைத்தலே வாய்மையென மாணாக்கர்க்கு நாடோறும் போதிக்கின்றோம். அங்ஙனமாயின் உள்ளதைச் சொல்லாது விடுதல் பொய்யாமோ? திரைப்படங்களுக்கும் கணினி விளையாட்டுக்களுக்கும் குரல் கொடுத்துச் சீவிப்போர், தாம் ஈடுபட்ட வேலை பகிரங்கமாக அறிவிக்கப்படும்வரை அதனைப்பற்றி வாய் திறவோமென்று கைச்சாத்திடுவதுண்டு. அவர் செயலை வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

1980ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்திலே, டார்த் வேடர் என்னும் கொடியோன் தானே கதாநாயகனின் தந்தையெனக் கூறுகின்றான். கவசமணிந்து நடித்த டேவிட் பிரவுஸுக்குப் படப்பிடிப்பிலே வேறொரு வசனமே கொடுக்கப்பட்டது. மெய்யான வசனத்தைப் பின்னர்த் தம் குரலாற் பதிந்தவர் ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்ஸ். படம் வெளிவருமுன் அவர் அதனை ஊரறிய உரைத்திருப்பின் உண்மையே உரைத்தவராவர். ஆயினும் பலர் முயன்று காத்த வியப்பு அக்கணமே அழிந்திருக்கும். அக்கதை அவருடையதன்று, அவரிடம் வைக்கப்பட்ட அடைக்கலப்பொருள். ஆதலால் அதனை வெளியிடுதல் வாய்மையின்பாற்படாது, களவின்பாற்படும் என்பதே எங்கருத்து.

வினாத்தாள் ஆக்கும் உபாத்தியாயருக்கு இது புதிதன்று. தம் மகனே கேட்பினும் அவர் சொல்லார். அதனால் அவரைப் பொய்யரென்பார் உளரோ? "அதுபற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை" என்பது காத்தல். "அப்படியொரு வேலையே என்னிடமில்லை" என்பது பொய். குரல் நடிகரும் இவ்வெல்லையிலே நிற்றல் வேண்டும். பிரவுஸுக்கு மாற்று வசனங் கொடுத்தோர் இவ்வெல்லையைக் கடந்தாரென்றே நாம் கருதுகின்றோம்; இரகசியங் காத்தற்பொருட்டு உடனுழைப்பவனையே மயக்குதல் எவ்வாறு தகும்?

இன்னொன்று. அடைக்கலம் ஏற்பவன் தான் ஏற்பது யாதென அறிதல் வேண்டும். அமெரிக்கக் குரல் நடிகர் 2016 ஒக்டோபரிலே கணினி விளையாட்டுக் கம்பனிகள் சிலவற்றுக்கு எதிராக வேலைநிறுத்தஞ் செய்தபோது, எவ்விளையாட்டுக்கு எப்பாத்திரமாகப் பேசுகின்றோமென்பதும் தமக்குச் சொல்லப்படுவதில்லையென முறையிட்டனர். 2017இல் உண்டான உடன்படிக்கையிலே, மெய்ப்பெயரை மறைத்தாலும், அது முன்வெளிவந்த படைப்பைத் தழுவியதோ, ஆபாசமோ இழிசொல்லோ அதன்கண் உண்டோ என்பனவற்றை முன்னரே தெரிவித்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. இது மிக நியாயம். தான் பேசியது யாதென்றறியாதவன் மௌனத்தை விரதமென்று எங்ஙனம் சொல்வது?

மணிக்கணக்காக அலறிப் பேசுதலாற் குரல் கெடுவதையும் அவர்கள் அப்போது எடுத்துரைத்தனர். அதனை எவ்வொப்பந்தமும் தடுத்தலாகாது; அவர் கைச்சாத்திட்டது கதையைக் காத்தற்கேயன்றித் தம் நோயை மறைத்தற்கன்று.