மண் எது, குயவன் யார்?

குடம் ஒன்று உருவாக மூவகைக் காரணங்கள் வேண்டும் என்பர் வேதாந்த ஆசிரியர்கள். மண் உபாதான காரணம். குயவன் நிமித்த காரணம். தண்டமும் சக்கரமும் சககாரி காரணம். பள்ளிப் பிள்ளைகளிடையே வன்முறை மூள்வது ஏன் என்று ஆராய்வோரும் இம்முறையைக் கைக்கொள்வது நலம்.

வானமாமலைப் பெருமாள் எழுந்தருளியுள்ள நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நிகழ்ந்ததை நாடறியும். சாதியின் பெயரால் தன்னைத் துன்புறுத்துவதாகப் பள்ளியில் முறையிட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, உடன் பயின்றோர் உள்ளிட்ட சிறுவர் சிலர் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுண்டாள். இருவரும் உயிர் பிழைத்தனர்.

அரிவாள் பிடித்த கை இங்கு நிமித்தம். திரைப்படமும் கைப்பேசியும் சககாரி ஆகலாம். மண் எது? 'நாம் உயர்ந்தோர், அவர் தாழ்ந்தோர்' என்னும் எண்ணமே அது. அதனை எந்தப் பிள்ளையும் பிறக்கும்போது கொண்டு வருவதில்லை. பெரியோர் பேச்சிலிருந்தே பெறுகிறது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யுமாறு அது பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்தல் எளிது. கட்டிவிட்ட மனத்தை மாற்றுதல் அரிது.

வெட்டிய கைக்குப் பழியில்லை என்பதன்று. தண்டனை அக்கையைத் தடுக்கும். ஆயினும் மண் அப்படியே கிடக்குமாயின், நாளை வேறொரு குயவன் வருவான். பிள்ளையைக் கைப்பிடித்துத் திருவிழாவுக்கு அழைத்து வரும் பெற்றோர், வீடு திரும்பியபின் அப்பிள்ளையின் செவியில் விழும் தம் சொற்களையும் எண்ணிப் பார்ப்பாராக.