தேர்ந்தெடுத்தவன் கடன்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. ஆற்றல் மிக்க பிள்ளையைக் காணும்போதெல்லாம் பெற்றோரும் ஆசிரியரும் இதனை எடுத்தாள்வது வழக்கம். ஆனால், முளையைக் கண்டு 'இது நல்ல பயிர்' என்று அறிந்துகொண்டவனுக்கு அதன் பின்னர் உள்ள பொறுப்பு யாது என்பது பற்றி அப்பழமொழி ஒன்றும் கூறவில்லை. கண்டவன் நீர் பாய்ச்ச வேண்டுமா? விளைந்ததை அறுத்துச் செல்வது மட்டுமே அவன் வேலையா? பயிர் இடையில் வாடினால் அவன் வேறு வயலைத் தேடிப் போய்விடலாமா? இளைஞர்களின் திறமையைத் தேடி நிறுவனங்கள் ஊர் ஊராக அலையும் இக்காலத்தில், இவை எல்லாருக்கும் உரிய அறவினாக்கள் ஆகிவிட்டன.

கல்லூரிக் கூடைப்பந்துக் குழுக்களுக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்கதொரு சான்றாகும். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தார். குளிர்காலத்தில் வெளியே சென்று விளையாட இயலாமல் சலிப்புற்றிருந்த மாணவர்களுக்காக, பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி அவர் இதனை வகுத்தார். ஆக, மாணவர்க்காக ஆட்டம் பிறந்தது. இன்றோ ஆட்டத்துக்காக மாணவர் தேடப்படுகின்றனர். இந்தத் தலைகீழ் மாற்றத்தில்தான் அறச்சிக்கல் தொடங்குகிறது.

ஒரு குழுவில் ஆடும் ஐவருள் 'கார்டு' எனப்படும் ஆட்டக்காரர் பெரும்பாலும் மற்றவரினும் உயரம் குறைந்தவர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னேறுவதும், எவன் எங்கே நிற்கிறான் என்று நொடிப்பொழுதில் கணித்து அவன் கைக்குப் பந்தைச் சேர்ப்பதும் அவருடைய பணி. உயரத்தை அளவுகோலால் அளந்துவிடலாம். பிறரைப் பார்க்கும் கண்ணையும், தன்னலம் ஒதுக்கும் மனத்தையும் எதனால் அளப்பது? வெறும் 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மக்ஸி போக்ஸ் என்பவர் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1987ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் நுழைந்து 14 பருவங்கள் நிலைத்து நின்றார். உருவு கண்டு எள்ளியவர்கள் வெட்கும்படி செய்தவர் அவர். ஒருவனைத் தேர்ந்தெடுப்பவன் அவனை முழு மனிதனாகக் காணாமல் அவன் திறமையையும் முழுமையாகக் காண இயலாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

எனினும் அந்நாட்டு வழக்கம் மனிதனைக் காண்பதில் பலகாலம் தவறியே வந்துள்ளது. 1973ஆம் ஆண்டு முதல் விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஆண்டு முடிவில் அதனைப் புதுப்பிப்பதும் மறுப்பதும் கல்லூரியின் விருப்பம். பல்லாண்டு உதவித்தொகைக்கு மீண்டும் வழி பிறந்தது 2012ஆம் ஆண்டில்தான். முதல்நிலைப் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. அங்கிருந்து தொழில்முறைக் கழகங்களுக்குச் செல்ல ஆண்டுதோறும் 60க்கும் குறைவானோரே பெயர் கூறி அழைக்கப்படுகின்றனர். அழைக்கப்படாதவர்களுக்குக் கல்வி ஒன்றே எஞ்சும். அதுவும் கிட்டாதவனின் கதி என்ன?

'ஹூப் ட்ரீம்ஸ்' என்னும் ஆவணப்படம் 1994ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிக்காகோ நகரின் ஏழைக் குடும்பங்களில் பிறந்த வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏகி என்னும் இரு சிறுவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுக்கப்பட்ட படம் அது. இருவரும் 'கார்டு' ஆட்டக்காரர்கள். பதினான்கு வயதிலேயே இருவரும் தொலைவிலிருந்த ஒரே தனியார் பள்ளிக்கு அழைக்கப்பட்டனர். ஒருவர் எதிர்பார்த்த அளவு விரைவாக வளரவில்லை; கட்டணம் கட்ட இயலாமல் படிப்பின் இடையிலேயே வெளியேற நேர்ந்தது. மற்றவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டு அறுவை மருத்துவம் நடந்தது. பின்னர் இருவரும் கல்லூரி சென்றனர் என்பது ஆறுதல். ஆயினும், பதினான்கு வயதில் கைதட்டி அழைத்த உலகம் பதினைந்து வயதில் கணக்குப் பார்த்ததைக் கண்ட எவரும் அதனை எளிதில் மறக்க மாட்டார்.

அண்மைக் காலத்தில் அங்கே மாற்றங்கள் நேர்ந்துள்ளன. 2021ஆம் ஆண்டு முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் பொருளீட்டலாம் என்றாயிற்று. 2025ஆம் ஆண்டில் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கவும் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடு வழிவகுத்தது. உழைத்தவனுக்குப் பங்கு கொடுப்பது நீதியே. ஆனால், கூலி கொடுத்தாயிற்று என்பதனால் கடன் தீர்ந்துவிடுமா? இதற்கு விடை காண அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாறே போதும்.

ரந்தாவ், லின்சம், சுவா பெத்தோங், பகாவ் என்று அம்மாநிலத்தில் பரந்து கிடக்கும் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் முன்னோர் பலர் ஆள் சேர்ப்பின் வழியாக வந்தவர்களே. கங்காணி தன் சொந்த ஊருக்கே திரும்பிச் செல்வார். நல்ல உடையும் கையில் காசுமாக நின்று, கடல் கடந்த நாட்டின் வளத்தைப் பேசுவார். சேர்த்த தலைகளுக்கு ஏற்ப அவருக்குத் தரகு கிடைத்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இம்முறை நீடித்தது. ரப்பர் மரம் வெட்டக் கூலி கொடுக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால், மூப்படைந்தவனுக்கும் நோயுற்றவனுக்கும் யார் பொறுப்பு என்ற வினா எழுந்தபோது, தோட்டத்து வீடுகூட அவனுடையது அன்று என்பது தெரியவந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

கல்லூரிப் பயிற்றுநரும் கங்காணியும் ஒருவரே என்று கூறுவது மிகையாகும். உதவித்தொகை பெறும் மாணவன் கூலியாள் அல்லன். அவன் முன் திறக்கும் கதவு கல்வியின் கதவு. ஆயினும் இரண்டிடத்தும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. அழைப்பவனுக்கு எல்லாம் தெரியும். அழைக்கப்படுபவனுக்கு நம்பிக்கை மட்டுமே தெரியும். அறிவில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும்போது, 'அவனே ஒப்புக்கொண்டுதானே வந்தான்' என்று கூறித் தப்பித்துக்கொள்வது அறமாகாது.

பகாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். தந்தை செம்பனைக் குலை அறுப்பவர். தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆடியவன், இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற பின்னர்ச் சீன நண்பர்களோடு கூடைப்பந்து பழகினான். உயரமில்லை, ஆனால் ஆட்டத்தைப் படிக்கும் கண் இருக்கிறது. மாவட்டப் போட்டியில் அவனைக் கண்ட தனியார் கல்லூரிப் பயிற்றுநர் ஒருவர், படிப்பும் தங்குமிடமும் இலவசம் என்கிறார். தந்தை, மகனுக்கு எழுத்தறிவித்த தமிழ்ப்பள்ளி ஆசிரியரைத் தேடி வருகிறார். "ஐயா, எனக்கு என்ன தெரியும்? நீங்க சொன்னா அனுப்புறேன்," என்கிறார். மாணவனோ அவரைத் தனியே சந்தித்து, "ஐயா, முட்டி வலியை மட்டும் அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க," என்று கெஞ்சுகிறான். பயிற்றுநர் கேட்பது ஒரு நற்சான்றுக் கடிதம். ஆசிரியர் என்ன எழுதுவது?

வலியை மறைத்து எழுதினால் அவன் கல்லூரிக்குள் நுழைவான். தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு கதவு இவ்வளவு எளிதில் திறக்குமா என்ற அச்சமும் நியாயமானதே. பிறர்க்குத் தீங்கு விளையாத சொல்லே வாய்மை என்னும் குறள் நெறியை நினைந்து ஆசிரியர் தம்மைத் தேற்றிக்கொள்ளவும் கூடும். ஆனால், இங்குத் தீங்கு யாருக்கு? மறைத்த முழங்கால் இரண்டாம் ஆண்டில் முறியுமாயின், ஆட்டமும் போகும். 'பொய் சொல்லி வந்தவன்' என்ற பழியும் சேரும். ஆகவே அந்தப் பொய் முதலில் சுடுவது அந்தப் பிள்ளையையே. அதற்காக, அவனுக்குத் தெரியாமல் பயிற்றுநரிடம் கூறிவிடுவதும் முறையன்று. அது நம்பி வந்தவனைக் காட்டிக் கொடுப்பதாகும். தந்தையை அருகில் அமர்த்தி, மாணவனையே உண்மை பேசச் செய்வதே ஆசிரியர்க்குரிய வழி. அதன்பின் பயிற்றுநரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: "இவன் ஆட முடியாமற் போனால், படிப்பை முடிக்க விடுவீர்களா?"

இக்கேள்விக்கு அஞ்சி அவர் வேறு மாணவனை நாடிச் செல்லலாம். அப்பொழுது உண்மைக்கு விலை கொடுத்தவன் அந்த ஏழை மாணவன். அவ்விழப்பு சிறிதன்று; அதனைச் சிறிதென்று கூறி ஆறுதல் சொல்பவர் தோட்டத்து வாழ்வை அறியாதவர். அதனால்தான் ஆசிரியரின் கடமை கடிதத்தோடு முடிவதில்லை. உண்மை பேசு என்று சொல்லிக் கொடுத்தவர், அவ்வுண்மையால் நேர்ந்த இழப்பிலும் பங்கேற்க வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், தொழிற்கல்விக் கூடங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதும் அந்தப் பங்கின் பகுதிகளே.

இதற்கு எதிராகச் சிலர் வாதிடுவர். "பயிற்றுநரின் கடமை வெற்றி பெறுவது. அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தந்தையாக முடியுமா? இத்தனை நிபந்தனை விதித்தால் எவரும் தோட்டப்புறங்களை எட்டிப் பார்க்கமாட்டார்," என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தேடுவார் இன்றி மங்கிப்போன திறமைகள் தோட்டங்களில் எத்தனையோ! ஆயின், எல்லாருக்கும் தந்தையாகுமாறு எவரும் பயிற்றுநரைக் கேட்கவில்லை. தாம் கைநீட்டி அழைத்தவனுக்கு மட்டும் பொறுப்பாளராகுமாறுதான் கேட்கப்படுகிறது. தெருவில் செல்வோர்க்கெல்லாம் சோறிட வேண்டிய கட்டாயம் ஒருவனுக்கு இல்லை. விருந்துக்கு அழைத்து இலையில் அமர்த்தியவனைப் பாதியில் எழுப்புவதோ பெரும் பிழை.

திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் அமைந்துள்ள முறை ஈண்டு எண்ணத்தக்கது. 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். தக்கவனை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதும், அவனுக்கேற்ற பணியை அவனிடம் ஒப்படைப்பதும் இவற்றின் பொருள். ஆள் தேர்வைப் பற்றிய நூல்கள் பலவும் இவ்விரண்டோடு நின்றுவிடும். அடுத்து வரும் 53ஆம் அதிகாரமோ சுற்றந்தழால். அது உறவினரைத் தழுவிக்கொள்ளுதலைப் பற்றியது என்பது உண்மையே. எனினும் தேர்தல், பணித்தல், தழுவுதல் என்னும் இவ்வரிசை தேர்ந்தெடுப்பவனுக்கு ஒரு பாடமாக அமைகிறது. தேர்ந்தெடுத்தவன் முதலிரண்டு படிகளில் நின்றுவிட்டால் அவன் நல்ல வணிகன் எனப்படலாம். மூன்றாம் படியை எட்டியவனே சான்றோன்.

மூன்றாம் படி நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை. இந்தியாவில் ரயில்வே துறை விளையாட்டு வீரர்களைத் தேர்ந்து நிலையான பணியில் அமர்த்துவது நெடுநாள் வழக்கம். இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமையேற்று, 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னைத் தமிழச்சி அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் பணியாற்றியவர். இத்தகைய ஏற்பாட்டில் கால்கள் தளர்ந்தாலும் ஊதியம் தளர்வதில்லை. ஆட்டம் ஓய்ந்த பின்னும் வாழ்வு தொடர்கிறது. குறைகள் எந்த ஏற்பாட்டிலும் உண்டு. ஆனால், திறமையைத் தேர்ந்தெடுக்கும்போதே அது தேயும் நாளையும் எண்ணிப் பார்க்க ஒரு நிறுவனத்தால் இயலும் என்பதை இது மெய்ப்பிக்கிறது.

மலேசியாவிலும் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது முதல், இளம் வயதிலேயே தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு பெருகியுள்ளது. தனியார் கல்லூரிகளும் விளையாட்டு உதவித்தொகை வழங்குகின்றன. இவை வரவேற்கத்தக்கவை. இவ்வாய்ப்புகளை நாடும் பெற்றோர் மூன்று செய்திகளைக் கேட்டறிவது நன்று: உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு? பயிற்சி நேரம் போகப் படிப்புக்கு நேரம் எவ்வளவு? காயமுற்றால் மருத்துவமும் கல்வியும் தொடருமா? கேட்கத் தயங்கும் பெற்றோர்க்காக ஆசிரியரே கேட்க வேண்டும். எழுத்தில் தருமாறு வேண்டுவதும் அவமதிப்பாகாது. வாக்குறுதி வாய்ச்சொல்லாகவே நின்றதன் துன்பத்தைத் தோட்டத்துத் தமிழரினும் நன்கறிந்தவர் யார்?

இறுதியாக, தேர்ந்தெடுக்கப்படாதவன் ஒருவனும் இருக்கிறான். அதே திடலில் அதே பந்தைத் துரத்தியவன் அவன். பயிற்றுநரின் கார் புழுதி கிளப்பிச் சென்ற பின்னர், மறுநாள் காலையில் வகுப்பறையில் வந்து அமர்பவன் அவனே. பயிற்றுநர் ஒருவனைத் தேர்ந்தெடுத்துச் செல்லலாம். ஆசிரியர்க்கு அவ்வுரிமை இல்லை. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்கள் அனைத்தும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை. சென்றவன் எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பதும், இருப்பவன் ஏன் வாடியிருக்கிறான் என்று கேட்பதும் ஒரே கடனின் இரு கூறுகள். அக்கடனை மறவாத ஆசிரியர் இருக்கும் வரை, எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் வெறும் ஆட்டக்காரனாக விலைபோக மாட்டான்.