நீக்கலும் நினைவும்

வரிசையொன்றிலிருந்து ஓர் உறுப்பை நீக்குதல் எளிது. நீக்கியபின் அதன் இடம் யாதாதல் வேண்டும் என்பதே அரிய வினா. இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.

மாத்தளை மாவட்டத்து லக்கலப் பகுதியில், அம்பன் கங்கையிற் கலக்கும் களு கங்கையை மறித்து நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. 2018இல் அதில் நீர் நிரப்பத் தொடங்கியபின், பழைய லக்கல – பல்லேகம நகர் நீருள் மறைந்தது. அந்நகருக்கு மாற்றாகப் புதுநகர் ஒன்று வேறிடத்தில் எழுந்தது. ஊர்களின் பட்டியலில் லக்கல என்னும் பெயர் இன்றும் உண்டு, இடைவெளி யாதுமில்லை. ஆயின், இடைவெளி இல்லாமையால் இழப்பும் இல்லையென்று ஆகிவிடுமா?

1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழி இவ்விடத்துச் சிந்தனைக்குத் துணைசெய்கிறது. அம்மொழியில் வரிசையின் உறுப்புகள் சுழியம் முதலாக எண்ணிடப்படும். அவற்றுள் ஒன்றை அகற்ற வழிகள் சில உள. 'டிலீட்' என்னும் கட்டளை உறுப்பை அகற்றி, அதன் இடத்தை வெறுமையாக விடும். ஐந்து உறுப்புகளுள் ஒன்று அகன்றபின்னும் வரிசையின் நீளம் ஐந்தென்றே நிற்கும். 'ஸ்ப்லைஸ்' என்னும் கட்டளையோ இடைவெளியை மூடும். பின்னின்றவை முன்னகர, நீளம் நான்காகும்.

முன்னையது இழப்பை மறைப்பதில்லை. எனினும் இல்லாததையும் எண்ணிக்கையிற் சேர்த்துப் பொய்க்கணக்குக் காட்டுகிறது. பின்னையது கணக்கைச் செம்மையாக்குகிறது; எனினும் அவ்வரிசையை மட்டும் நோக்குவோன் அங்கு ஒன்று இருந்ததென்றே அறியான். வெற்றிடத்தை என்றும் காத்திருத்தல் வாழ்வோருக்குத் தடை. சுவடின்றி மூடுதல் நீங்கியோருக்கு அநீதி.

இவ்விரண்டிற்கும் இடையே வழியில்லையோ எனின், உண்டு. 'ஸ்ப்லைஸ்' தான் அகற்றியதை அழித்துவிடுவதில்லை. தனி வரிசையாக்கி, அகற்றியவனிடமே திருப்பித் தருகிறது. அதை ஒரு பெயரிட்டுப் பேணுவதும் ஏலாது விடுவதும் அவன் பொறுப்பு. ஏலாதவிடத்து அது மறைந்தொழியும்.

அணைகள் எழத்தான் வேண்டும்; வறண்ட நிலத்து வயல்களுக்கு நீர் செல்லத்தான் வேண்டும். குடிபெயர்ந்தோர் புதுநகரில் வாழ்வைத் தொடரவும் வேண்டும். ஆகவே வரிசையை மூடுதல் தவறன்று. நீரில் ஆழ்ந்த வீதிகளின் பெயர்களையும் வயல்களின் எல்லைகளையும் அங்கு வாழ்ந்தோரின் நினைவுகளையும் ஏற்றுப் பேணாது கைவிடுதலே தவறு. நீக்கும் உரிமை உடையோர்க்கு, நீக்கியதைக் காக்கும் கடமையும் உண்டு.