சுவர் கேட்டவர்கள்

மதத்தையும் சர்க்காரையும் பிரித்து வைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அவர் நாஸ்திகர்தான் என்று நாம் முடிவு கட்டி விடுகிறோம். பக்தி உள்ளவன் தன் சாமிக்கு வருகிற சலுகையை வேண்டாமென்பானா என்பது நம் நியாயம். நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால், சரித்திரம் இந்த நியாயத்துக்கு ஒத்து வரவில்லை.

மதத்துக்கும் ராஜாங்கத்துக்கும் நடுவே ஒரு சுவர் என்ற உவமையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் 1802-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி எழுதிய ஒரு கடிதத்தில் அது இருக்கிறது. கடிதம் யாருக்குப் போயிற்று தெரியுமா? கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்டு சங்கத்தாருக்கு. பழுத்த கிறிஸ்தவர்கள்!

அவர்களுடைய குறை இதுதான். கனெக்டிகட்டில் காங்கிரிகேஷனல் சபைக்குச் சட்டத்தின் ஆதரவு உண்டு; அதன் போதகருக்கு ஊரார் வரி கொடுக்க வேண்டும். வேறு சபைக்காரன் விலக்குப் பெறலாம். தான் இன்ன சபையைச் சேர்ந்தவன் என்று ஒரு சான்று எழுதி, அந்தச் சபையின் குமாஸ்தாவிடம் கொடுத்து வைத்தால் தீர்ந்தது. காசு மிச்சம், போவது ஒரு துண்டுக் காகிதந்தானே என்று கேட்கலாம். கதை எழுதுகிறவனுக்கு அந்தக் காகிதத்தின் மேல்தான் கண் போகிறது. அதைக் கொண்டுபோகும் ஒரு குடியானவனை நினைத்துப் பார்க்கிறேன். குமாஸ்தா பொல்லாதவர் அல்ல. சிரித்த முகமாகவே வாங்கி வைத்துக் கொள்கிறார். ஆனால், அடுத்த வீட்டுக்காரன் தன் தெய்வத்தைத் தொழுவதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இவன் நிற்க வேண்டும். டான்பரிக்காரர்களும் ஜெஃபர்சனிடம் இதைத்தான் முறையிட்டார்கள்: நாங்கள் அனுபவிப்பது உரிமையாக இல்லை, தயவாக இருக்கிறது என்று. தயவு என்றால், கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக் கொள்ளலாம் அல்லவா?

வர்ஜீனியாவில் இன்னும் நயமான ஏற்பாடு ஒன்று வந்தது. 1784-ல் பாட்ரிக் ஹென்றி ஆதரித்த மசோதாவின்படி, வரி கொடுப்பவன் தன் பணம் எந்தக் கிறிஸ்தவ சபைக்குப் போக வேண்டும் என்று தானே சொல்லலாம். சொல்லாதவன் பணம் கல்விக்குப் போகும். வாஷிங்டனுக்குக்கூட அந்தக் கொள்கையில் பெரிய ஆட்சேபணை இல்லை. பாப்டிஸ்டுகளுக்கும் பங்கு கிடைத்திருக்கும். ஆனாலும் அவர்கள் எதிர்த்து மனுப் போட்டார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகத் தங்கள் போதகர்கள் அதே வர்ஜீனியாவில் சிறையில் கிடந்ததை அவர்கள் மறக்கவில்லை. மூன்று பென்ஸ் வாங்க அதிகாரமுள்ள சர்க்காருக்கு, நாளைக்கு முழுச் சபையையுமே தலையில் கட்ட அதிகாரம் வந்துவிடும் என்று 1785-ல் மாடிசன் வாதாடினார். மசோதா போயிற்று, 1786-ல் மத சுதந்திரச் சட்டம் வந்தது.

ஜெஃபர்சன் அந்தக் கடிதம் எழுதிய அதே நாளில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மாசசூசெட்ஸில் செஷயர் என்ற ஊர்க்காரர்கள் 1,235 ராத்தல் எடையுள்ள ஒரே பாலாடைக் கட்டியை அவருக்குக் காணிக்கையாக அனுப்பியிருந்தார்கள். அதைக் கொண்டு வந்தவர் ஜான் லீலண்டு, பாப்டிஸ்டுப் போதகர், மத சுதந்திரத்துக்காக ஓயாமல் போராடியவர். இரண்டு நாள் கழித்து அவர் பிரதிநிதிகள் சபை மண்டபத்திலேயே பிரசங்கம் செய்தார். ஜெஃபர்சன் உட்கார்ந்து கேட்டார். சுவர் எழுப்பியவரே சுவரைத் தாண்டலாமா என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அதற்காக யாரிடமும் வரி வாங்கவில்லை, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் அது எல்லாருக்கும் பொதுவான மண்டபம். எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

கனெக்டிகட்டில் 1818-ல் புதிய அரசியல் சட்டம் வந்து சபையின் சலுகை போயிற்று. லிச்ஃபீல்டு ஊரில் காங்கிரிகேஷனல் போதகராக இருந்த லைமன் பீச்சர் இதைத் தடுக்க மும்முரமாகப் பாடுபட்டவர். தோற்ற மறுநாள் அவர் சமையலறை நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருந்தாராம். என்ன யோசனை என்று மகள் கேட்டதற்கு, கடவுளின் திருச்சபையைப் பற்றி என்றாராம். (அடிமைகளின் கதையை நாவலாக எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் அவர் மகள்தான்.) பிற்காலத்தில் அவரே, அந்த மாநிலத்துக்கு நேர்ந்தவற்றுள் அதைவிட நல்ல காரியம் இல்லை என்று எழுதி வைத்தார். சர்க்காரை நம்பியிருந்த சபைகள் தங்கள் காலில் நிற்கக் கற்றுக்கொண்டன என்பது அவர் கண்ட காரணம்.

மாசசூசெட்ஸ் அந்தப் பாடத்தைப் படிக்க 1833 வரை ஆயிற்று. லீலண்டு அதையும் இருந்து பார்த்துவிட்டு 1841-ல் காலமானார்.