பிற சமயத்தாரோடு பேசுதல்

"எல்லாச் சமயமும் ஒன்றுதான்" என்று கூறுவது இக்காலத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. பொது மேடைகளிலே சிவாச்சாரியாரும் பிக்குவும் மௌலவியும் குருவானவரும் அருகருகே அமர்ந்திருப்பர். ஒவ்வொருவரும் இந்த ஒரு வசனத்தையே தத்தம் பாணியிற் சொல்லி அமர்வர். விளக்கேற்றிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைவர். இதனைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. சண்டை பிடிப்பதிலும் இது எவ்வளவோ மேல். ஆயினும், சைவ அடியார் ஒருவர் தம் சமயத்திலே உறுதியாக நின்றுகொண்டே பிற சமயத்தாரோடு மனந்திறந்து பேசுதல் இயலாதா என்பது சிந்திக்கத்தக்கது.

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய சிவஞான சித்தியாரை அருளிய அருணந்தி சிவாசாரியார், நூலைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாக வகுத்தார். பரபக்கத்திலே உலகாயதர், பௌத்தர், சமணர் முதலியோரின் கொள்கைகளை எடுத்துக்கொள்கின்றார். முதலில் அவரவர் கொள்கையை அவரவரே சொல்வது போல எடுத்துரைக்கின்றார். அதன்பின்னரே மறுக்கின்றார். மறுப்புக் கடுமையானதுதான். ஆனால் மறுக்கப் புகுமுன் மற்றவன் கொள்கையைக் கற்றாக வேண்டும் என்னும் ஒழுங்கு அங்கே இருக்கின்றது. எல்லாம் ஒன்றே என்று தலையாட்டுபவருக்கு இந்தச் சிரமம் இல்லை.

யாழ்ப்பாணத்திலே இதனைச் செய்துகாட்டியவர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த அவர், பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிலே மொழிபெயர்ப்பதற்குத் துணை நின்றார். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. அவ்வேலையைச் செய்தபோதும் அவர் சைவராகவே இருந்தார். பின்னர் 1854 இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை எடுத்துப் பாருங்கள். கோயில், தூபம், தீபம், நைவேத்தியம் என்பவற்றைப் பாதிரிமார் இகழ்ந்தபோது, யூதருடைய தேவாலய வழிபாடு பற்றி அவர்களது பழைய ஏற்பாட்டிலேயே சொல்லப்பட்டிருப்பவற்றை எடுத்துக்காட்டி அவர் விடை கூறினார். அவர்களுடைய வேதத்தை வரிவரியாகப் படித்திருந்தமையால் அது அவருக்குக் கைவந்தது. இன்று நம்மிலே எத்தனை பேர் நம்முடைய திருமுறையையாவது அப்படிப் படித்திருக்கின்றோம்?

இனி மறுபக்கம் பார்ப்போம். கிறிஸ்தவர் எல்லோரும் ஒன்று என எம்மவரிற் பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. அமெரிக்க மிஷன், வெஸ்லியன் மிஷன், அங்கிலிக்கன் சபை, கத்தோலிக்கர் எனத் தனித்தனியாகவே அவர்கள் இங்கே பணி செய்தனர். ஒரே கடவுளைப் பிரசங்கிக்க வந்தவர்கள் ஏன் பிரிந்து நிற்கின்றனர் என்ற கேள்வி அவர்களையே வருத்தியது. 1919 இல் தரங்கம்பாடியிலே கூடிப் பேசத் தொடங்கினார்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 இல். இடையிலே 28 ஆண்டுகள்! ஆயர்களின் அதிகாரம் பற்றிய வேறுபாடு பெருந்தடையாக நின்றது. அதனை மூடி மறைக்காமற் பேசித் தீர்த்தமையாலேயே அத்தனை காலம் சென்றது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகள் அதிற் சேர்ந்தன. மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் இங்கே இன்றும் தனித்தே இருக்கின்றனர். 1948 இல் அம்ஸ்டர்டாமிலே உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது ஆரம்பப் பிரசங்கம் செய்தவர்களுள் ஒருவர் நம் யாழ்ப்பாணத்து டி. ரி. நைல்ஸ் என்பது பலர் அறியாத செய்தி.

தம்முள்ளே பேசப் பழகியவர்கள் பிறரோடும் பேசத் தொடங்கினர். கத்தோலிக்கத் திருச்சபை 1965 இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலே, இந்து சமயத்தைப் பெயர் குறித்து மதிப்போடு பேசியது. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதனையும் தான் தள்ளுவதில்லை என்றும் அறிவித்தது.

இவ்விடத்திலே ஆயர் சபாபதி குலேந்திரன் அவர்களைக் குறிப்பிட வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் ஆயராக இருந்த அவர், அருள் என்பதைக் கிறிஸ்தவமும் இந்து சமயமும் எவ்வாறு கொள்கின்றன என ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தம் சமயத்தை விட்டுக்கொடுக்காத ஒருவர் நம் சமயத்தைக் கற்று எழுதிய நூல் அது. அருள் என்னும் சொல் இருசாராருக்கும் உண்டு. ஆனால் உயிர் இறைவனாற் படைக்கப்பட்டது என்பர் அவர்கள். பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி என்போம் நாம். இறைவன் ஒருமுறை மனிதனாகப் பிறந்தான் என்பது அவர்களது உயிர்நிலைக் கொள்கை. சிவபெருமானுக்குப் பிறப்பே இல்லை என்பது நம்முடையது. இவை சிறு வேறுபாடுகள் அல்ல. இவற்றை மறைத்துவிட்டு எதனைப் பேசுவது?

கிராமங்களிலே நம்மை வருத்துவது தத்துவ வேறுபாடன்று, மதமாற்றம் என்று சிலர் சொல்வர். நியாயமான பேச்சு. நோயும் கடனும் உள்ள வீடுகளைத் தேடிச் சிறு சபையினர் வருவது யாவரும் அறிந்ததே. 2019 இல் சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீச்சர வீதியில் அலங்கார வளைவு பிடுங்கப்பட்டபோது எல்லோர் மனமும் கொதித்தது. கொதித்த மனத்தோடு எவரும் பேச இயலாது. ஆனால் ஒரு செய்தி நம் கையில் இருப்பது நல்லது. 2011 இல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. மக்களின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி, ஆசை காட்டி மதம் மாற்றுவது கிறிஸ்தவ ஒழுக்கமன்று என அது கூறுகின்றது. வீடு தேடி வரும் போதகரிடம் ஏச்சுக்குப் பதிலாக இந்த அறிக்கையைப் பற்றிப் பேசலாம். அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அவர் நம்மைத் திருப்பிக் கேட்டால் நாமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வீட்டார் நோயுற்றுக் கிடந்த மாதங்களிலே கோயிலிலிருந்து எவர் சென்று பார்த்தார்? நம் கோயில்கள் பல, நம்மவரிலேயே ஒரு பகுதியாருக்குக் கதவடைத்திருந்த காலத்திலே அவர்கள் எங்கே போய் நின்றிருக்க வேண்டும்? 1877 இல் பஞ்சம் வந்தபோது நாவலர் கண்டனத்தோடு நிற்கவில்லை. கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவருக்குக் கஞ்சி வார்த்தார்.